காரணம் எழுதாத கடிதம்

எங்கள் பகுதிப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் எழுதப் பழகுவது மன்னிப்புக் கடிதம். வகுப்புக்குத் தாமதம், கையில் ஃபோன், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தாதது, கேன்டீனில் பையன்களோடு உட்கார்ந்தது, பஸ்ஸில் தாளம் போட்டது, அடிதடி, எல்லாவற்றுக்கும் கடிதம் ஒன்றுதான். "நான் செய்த தவறை உணர்ந்துவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது. நடந்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்." கீழே மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. என்ன தவறு என்று எழுத அதில் இடம் கிடையாது. எழுதாமல் இருப்பதுதான் நல்லது என்று சீனியர்களே சொல்லித் தருகிறார்கள்.

மணலி புதுநகரில் பதினோரு வருஷமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். ரேஷன் கார்டு திருத்தம், முதியோர் பென்ஷன், வெள்ள நிவாரணம் என்று மனு எழுதிக் கொடுக்கும் வேலையும் அதோடு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் இந்த மன்னிப்புக் கடிதங்களும் என் திண்ணைக்கு வந்து சேர்கின்றன. பொன்னேரி, வியாசர்பாடி, பிராட்வே என்று இங்கிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து புறப்பட்டுப் படிக்கப் போகிற பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் அவர்கள்தான். 2015இலும் 2021இலும் வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது ஃபிரிட்ஜையும் கட்டிலையும் விட்டுவிட்டு முதலில் பரணில் ஏற்றியது சர்டிஃபிகேட் ஃபைலைத்தான். டிசியில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'நன்று' என்று எழுதித் தர வேண்டியவர் கோபமாக இருக்கிறார் என்று தெரிந்தால், இந்த ஊர் அப்பா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார்.

பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வதே ஒரு தண்டனைதான். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பையன் வீட்டில் அது ஒரு அடியோடும் ஒரு வாரப் பேச்சில்லாமையோடும் முடியும். பெண் வீட்டில் அப்படி முடிவதில்லை. "படிச்ச வரைக்கும் போதும்" என்ற முடிவு அன்று இரவே எடுக்கப்படும். கல்லூரி அவளை நீக்கவில்லை, எந்த உத்தரவும் போடவில்லை. "பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அவள் அப்பாவிடம் ஒரு பேராசிரியர் சொன்னார், அவ்வளவுதான். அதை எதிர்த்து யாரிடம் மேல்முறையீடு செய்வது? மேல்முறையீட்டுக்கு ஒரு உத்தரவு வேண்டுமே.

எனக்கு விசித்திரமாகப் படுவது வேறொன்று. இந்த அப்பாக்களில் பலர் நியாயமான விசாரணை என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்கள். எங்களைச் சுற்றி உரம், சுத்திகரிப்பு, ரசாயனம் என்று ஆலைகள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்ட பெரம்பூர் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. 'சார்ஜ் ஷீட்', 'விளக்க நோட்டீஸ்', 'டொமஸ்டிக் என்கொயரி' எல்லாம் எங்கள் தெரு டீக்கடையில் புழங்கும் சொற்கள். நிரந்தரத் தொழிலாளியைக் கம்பெனி சஸ்பெண்ட் செய்தால், விசாரணை முடியும்வரை முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமும், தாமதம் அவரால் இல்லையென்றால் அதன்பின் முக்கால் சம்பளமும் பிழைப்பூதியமாகத் தரவேண்டும் என்று 1946ஆம் வருடத்து நிலையாணைச் சட்டத்தில் பிற்பாடு ஒரு பிரிவு சேர்த்தார்கள். குற்றம் நிரூபணமாகும் முன்னே சோற்றைப் பிடுங்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. சஸ்பெண்ட் ஆன மாணவருக்கு இந்த மாதிரி ஒன்றும் இல்லை. வகுப்புக்குள் விடமாட்டார்கள், வருகைப் பதிவு மட்டும் குறைந்துகொண்டே போகும். 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது. விசாரணையில் நிரபராதி என்று முடிவானாலும் அந்த செமஸ்டர் போனது போனதுதான். கம்பெனி கேட்டில் நோட்டீஸ் வாங்கினால் "எந்த விதியில?" என்று சண்டை போடுகிற மனிதர், மகளின் கல்லூரியில் முதல்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

இதையெல்லாம் பெண்ணியத் தொகுப்பில் எதற்கு எழுதுகிறேன் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு கோரிக்கைதான் காரணம். எதிர்வீட்டு அக்கா ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மகனை (ஏழாம் வகுப்பில் என்னிடம் பின்னம் படித்தவன்) கல்லூரி நீக்கியிருந்தது. கடிதத்தில் இரண்டே வரி. கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் உடனடியாக நீக்கப்படுகிறார், டிசியைப் பெற்றுக்கொள்ளவும்.

களங்கம் என்னவென்று அவனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். உடன் படிக்கும் பெண்ணின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிய படம், வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கிறது. "நான் ஃபார்வேர்டுதான் பண்ணேன் மிஸ். செஞ்சது நான் இல்ல." அந்த வகுப்பில் படிக்கும் இன்னொரு பழைய மாணவி வழியாக மீதியும் தெரியவந்தது. அந்தப் பெண் துறைத்தலைவரிடம் அழுதுகொண்டு போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த அறையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. புகார்க் குழு என்று ஒன்று இருப்பதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் இவனை வெளியே அனுப்பினார்கள். அதே நாள் அவளை உட்காரவைத்து, நடவடிக்கை எனக்குத் திருப்தி, இது சம்பந்தமாக வேறெங்கும் புகார் தரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். படத்தை உருவாக்கியது யார் என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

"ஒரு அப்பீல் எழுதித் தாங்க டீச்சர். அவன் செஞ்சது தப்புதான். எதுக்குன்னு ஒரு வார்த்தை போடாம அனுப்பிட்டாங்களே" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவனுக்குத் தண்டனை வேண்டும் என்றும் நினைத்தேன். அப்படி நினைக்கிறவள் அவனுக்காக மேல்முறையீடு எழுதலாமா?

எங்கள் வாசிப்பு வட்டத்துத் தோழி ஒருத்திக்கு இதைக் கேட்டதும் கடும் கோபம். அவள் வாதத்தைச் சுருக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. "நடைமுறை, இயற்கை நீதி, மேல்முறையீடு எல்லாம் ஆம்பளைங்களைக் காப்பாத்தக் கட்டின வீடு. நூறு பொண்ணுங்க சொல்லி ஒருத்தன் மேல நடவடிக்கை வருது. அந்த ஒருத்தனுக்கு மறுபடியும் கதவு திறக்கணுமா? நீ எழுதுற ஒவ்வொரு மனுவும் அந்தப் பொண்ணை மறுபடி கூப்பிட்டு உட்கார வைக்கும். அவளுக்கு யாரு மனு எழுதுறா?"

இந்தச் சண்டை எங்களோடு பிறந்ததல்ல. 2017 அக்டோபரில் ராயா சர்க்கார், பாலியல் துன்புறுத்தல் செய்ததாகப் புகார் சொல்லப்பட்ட கல்வியாளர்களின் பட்டியலை வெளியிட்டபோது இந்தியப் பெண்ணியவாதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நிவேதிதா மேனன் உள்ளிட்டோர், விவரமும் விளக்கமும் இல்லாமல் பெயர்களை மட்டும் போடுவது சரியல்ல, உரிய நடைமுறைக்குத் திரும்புங்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்த நடைமுறை எங்களை எப்போது காப்பாற்றியது என்று இளைய பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் தலித் பெண்கள் பலர். கேட்டதில் தவறில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விதிகளுக்கு மூல காரணமான பன்வாரி தேவியின் கதையே போதும். 1992இல் கூட்டு வல்லுறவு, 1995இல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை, 1997இல் விசாகா தீர்ப்பு. நாட்டுப் பெண்களுக்கெல்லாம் விதி கிடைத்தது, அவருடைய மேல்முறையீடு ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் தூங்கியது. மேல்முறையீடு என்ற சொல் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

இதற்குப் பிறகு நான் தேடிப் படித்த ஒரு பழைய வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வழக்கு அது, ஹீராநாத் மிஸ்ரா வழக்கு.

1972 ஜூன் மாத இரவு. ராஞ்சியில் ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி. சில ஆண் மாணவர்கள் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் புகுந்து துணியில்லாமல் திரிகிறார்கள். ஜன்னல் வழியே ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறான் ஒருவன். பெண்கள் கூச்சல் போட, ஓடிவிடுகிறார்கள். அவர்களில் நான்கு பேரை அடையாளம் தெரிகிறது. 36 மாணவிகள் சேர்ந்து முதல்வருக்கு ரகசியமாகப் புகார் எழுதுகிறார்கள். முதல்வர் மூன்று பேர் குழு அமைக்கிறார். அந்தக் குழு பெண்களைத் தனியாக விசாரிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அங்கே இல்லை. அவர்களுடைய புகைப்படங்களை வேறு பல புகைப்படங்களோடு கலந்து காட்டி அடையாளம் கேட்கிறது. பிறகு அந்த நால்வரையும் அழைத்து, குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் வாங்குகிறது. நாங்கள் அங்கே இல்லவே இல்லை என்கிறார்கள். இரண்டு வருஷம் நீக்கம். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். எங்களை எதிரில் வைத்துச் சாட்சி சொல்லவில்லை, குறுக்கு விசாரணைக்கு விடவில்லை, குழுவின் அறிக்கையைத் தரவில்லை என்று வாதாடினார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேருக்கு நேர் நிறுத்தினால் அந்தப் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள், திறந்தால் கல்லூரிக்கு வெளியே அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்காது, இயற்கை நீதி எல்லா இடத்திலும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதில்லை என்ற பொருளில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் நடையில் ஒரு தகப்பன் தொனி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இருக்கட்டும். விசாகாவுக்கு 24 வருஷம் முன்னால், பயம் என்பதை ஒரு நீதிமன்றம் உண்மையான பொருளாக எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறது.

தோழிகளோடு இந்த வழக்கைப் பேசும்போது நான் அழுத்திச் சொல்வது இன்னொரு பக்கம். அந்தக் கல்லூரி எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது, எதையெல்லாம் விடவில்லை என்று பாருங்கள். நேருக்கு நேர் நிறுத்துவதை விட்டது, குறுக்கு விசாரணையை விட்டது. என்ன குற்றம் என்று எழுத்தில் சொல்வதை விடவில்லை. பதிலைக் கேட்பதை விடவில்லை. புகைப்படங்களைக் கலந்து காட்டியது, ஒருவேளை வேறு ஆளாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் வைப்பதுதானே? அந்த வழக்கு நீதிமன்றத்தில் நின்றதற்குக் காரணம் அந்தக் கவனம்தான் என்று நினைக்கிறேன். 1962இலேயே, காப்பி அடித்ததாகச் சொல்லி உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் மாணவர்களின் முடிவுகளை அவர்களைக் கேட்காமல் ரத்து செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்காமல் கொடுத்த தண்டனை என்றைக்கோ ஒருநாள் உடையும். உடையும்போது புகார் சொன்ன பெண்ணின் சொல்தான் பொய்யென்று ஊர் பேசும். துறைத்தலைவரின் அவசரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நான்கு நாளில் வந்த அந்த இரண்டு வரியை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் அந்தப் பெண் எங்கே? குற்றம் அவளுக்கு நடந்தது. கடிதத்தின்படி களங்கம் கல்லூரிக்கு. அவள் முகம், அவள் பெயர் வேண்டாம், 'ஒரு மாணவிக்கு' என்ற சொல்கூட இல்லை. அவனிடம் காரணம் சொல்லாத அதே கையெழுத்துதான் அவளிடம் வாய்மூடும் கடிதம் வாங்கியது. இரண்டும் ஒரே வேலை. அவளை ஒளித்துவைக்கத்தான் அவனைச் சத்தமில்லாமல் அனுப்பினார்கள். எழுதினால் நடந்தது ஆவணமாகிவிடும். ஆவணமானால் குழு ஏன் கூடவில்லை, படத்தைச் செய்தவன் யார், இன்னும் எத்தனை பேர் அனுப்பினார்கள் என்ற கேள்விகள் வரும். ஆகவே காரணம் கேட்பது அவனுக்கு உதவுகிறதோ இல்லையோ, அவளுக்கு நடந்ததைத் தாளில் கொண்டுவர அது ஒரு வழி. தோழியிடம் இதைத்தான் சொன்னேன். "சரி, ஆனா அதை அவ கேக்கலையே" என்றாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

எழுதிக் கொடுத்தேன். என் நிபந்தனைகளை முதலிலேயே சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அவளைப் போய்ப் பார்க்கவோ, வீட்டுப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசவோ கூடாது, பேசினால் நான் விலகிக்கொள்வேன். மனுவில் மூன்றே கோரிக்கை. குற்றச்சாட்டை எழுத்தில் தாருங்கள், விஷயத்தைப் புகார்க் குழுவுக்கு அனுப்புங்கள், குழு அவனைக் கேட்டபின் முடிவைக் காரணத்தோடு எழுதுங்கள். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "நம்ம கஷ்டத்தைச் சொல்லலையே டீச்சர். அவங்கப்பா காண்ட்ராக்ட், நான் வீட்டு வேலை, ஒரே பையன்…" கஷ்டத்தை எழுதினால் அது கருணை மனு ஆகிவிடும் அக்கா என்றேன். முதல்வருக்கு மனமிருந்தால் மன்னிப்பார், இல்லையென்றால் இல்லை. அந்தப் பெண்ணும் ஏழை வீட்டுப் பெண்தான். கஷ்டத்தை எடைபோட்டால் எந்தப் பக்கம் இறங்கும்?

விதிகள் இல்லாமலில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு விதிமுறைகளை உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே கொண்டுவந்தது. புகார் வந்தால் ஏழு நாளில் அதன் பிரதி எதிர்த்தரப்புக்கு, பத்து நாளில் பதில், 90 நாளில் விசாரணை, முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் இரு தரப்பில் யாரும் மேல்முறையீடு. குற்றம் செய்தது மாணவர் என்றால் நூலகம், விடுதி போன்ற வசதிகளை நிறுத்துவதில் தொடங்கி சஸ்பென்ஷன், நீக்கம் வரை படிப்படியான தண்டனைகள். கவுன்சிலிங்கும் சமூக சேவையும்கூட அதில் உண்டு. ஃபார்வேர்டு செய்தவனுக்கும் உருவாக்கியவனுக்கும் வித்தியாசம் பார்க்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரமென்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாணவர் தேர்தலே நடத்தாத கல்லூரிகள் இந்த மூன்று பேரை எங்கிருந்து பிடிப்பார்கள்? துறைத்தலைவருக்குப் பிடித்த மூன்று பேரைத்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மேல்முறையீடு போக வேண்டியது அதே நிறுவனத்தின் நிர்வாக அதிகாரத்திடம். நற்பெயரைக் காப்பாற்ற விரும்பி விஷயத்தை மூடியவர்களிடமே போய், மூடியது சரியா என்று கேட்பது. 2023இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் வெளியாள் ஒருவரை, ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதியை, குறைதீர்ப்பாளராக வைக்கச் சொல்கின்றன. அவர் பெயரும் எண்ணும் எங்கே இருக்கிறது என்று என் மாணவிகளைத் தேடச் சொன்னேன். ஒரே ஒருத்தி கண்டுபிடித்தாள், இணையதளத்தில் ஆறாவது கிளிக்கில்.

நீதிமன்றம் வரை போகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 2019இல் விலங்கியல் மாணவிகள் ஒரு சுற்றுலாவில் நடந்ததைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். குழு விசாரித்து அறிக்கை தந்தது. விசாரணை நடந்த விதம் நியாயமில்லை என்று உயர் நீதிமன்றம் போனவர் குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியர். நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது, அந்த அளவில் மாணவிகள் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில் நீதிபதி, கிறித்தவ நிறுவனங்களில் இருபாலர் கல்வி பெண்பிள்ளைகளின் எதிர்காலத்துக்குப் பாதுகாப்பில்லை என்று பெற்றோர் கருதுவதாகவும், பெண்களுக்கான சட்டங்கள் தவறாகப் பயன்படுவதாகவும் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் முதல் பகுதியைச் சில நாட்களில் நீக்கினார். கேட்காத கேள்விக்குக் கிடைத்த பதில். ஆனால் இந்த ஊரில் எத்தனை அப்பாக்கள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தண்டனையை எதிர்த்து நிற்கும் உரிமை பெண்களுக்கு வேண்டாத சமாச்சாரம் என்று சொல்கிறவர்கள் கோழிக்கோட்டுப் பக்கம் பார்க்கட்டும். 2019இல் அங்கே ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் 10 வரை ஃபோன் தொடக்கூடாது என்று விதி போட்டார்கள். ஒரு மாணவி கட்டுப்படமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். விடுதியை விட்டு நீக்கினார்கள். அவள் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை, கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். இணையம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒழுங்கீனம் என்ற சொல்லை விரித்துப் பார்த்தால் அதில் பாதி, பெண்கள் கீழ்ப்படியாமை. மீதியில் ஒரு பெரிய பங்கு, தலித் மாணவர்கள் அரசியல் பேசுவது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து பேருக்கு நடந்தது நினைவிருக்கும். முதலில் வலுவான ஆதாரம் இல்லை என்றது ஒழுங்குக் குழு. பிறகு முடிவு மாறியது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு வளாகத்திலேயே கூடாரம் போட்டு இருந்தார்கள். 2016 ஜனவரி 17 வரை போனது அது. டாடா சமூக அறிவியல் கழகம் 2024 ஏப்ரலில் ஒரு தலித் ஆய்வு மாணவரை இரண்டு வருஷம் சஸ்பெண்ட் செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுபவித்தது போதும் என்று குறைத்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் போயிருந்தது.

நாளை என் மாணவி ஒருத்தி வெளியே நிறுத்தப்படுவாள், புகார் கொடுத்ததற்கே கூட. அன்று நான் கேட்கப்போகும் அதே மூன்று விஷயங்களைத்தான் எதிர்வீட்டுப் பையனுக்குக் கேட்டேன். அவளுக்கு ஒரு நடைமுறை, அவனுக்கு ஒரு நடைமுறை என்று என்னால் இரண்டு மனு வைத்துக்கொள்ள முடியவில்லை.

குழு கூடியது. எனக்கு அதுவே ஆச்சரியம். அந்தப் பெண்ணைத் தனி அறையில், அவள் தோழி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்களாம். பையன்களைத் தனித்தனியாக அழைத்து எழுத்தில் பதில் வாங்கினார்கள். படத்தைச் செய்தது வேறொருவன் என்று குழு கண்டது. அவன் நீக்கப்பட்டான். ஃபார்வேர்டு செய்த நான்கு பேருக்கு ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன். உத்தரவு ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பத்தி, ஒரு மாணவியின் கண்ணியத்துக்கு எதிராக என்ன செய்யப்பட்டது என்பதைச் சுற்றிவளைக்காமல் சொன்னது. அந்தப் பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன்.

அந்தப் பெண் அதற்குள் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டாள். விசாரணைக்காகப் பழைய கல்லூரிக்கு ஒரு நாள் வரவேண்டியிருந்தது. அன்று அவள் அப்பாவுக்கும் கூலி போயிருக்கும். உத்தரவின் பிரதி அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. தோழி அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லட்டும்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் முழு திருப்தி இல்லை. "நம்ம கஷ்டத்தை எழுதியிருந்தா அந்த ஆறு மாசமும் இல்லாம விட்டிருப்பாங்க டீச்சர்" என்பது அவர் கட்சி. பையன் ஒரு வருஷம் தாமதமாகப் படிப்பை முடிக்கிறான். என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி, பிறகு வேகம் எடுத்துப் போய்விடுவான்.

போன மாதம் அக்கா தன் தங்கை மகளை அழைத்துவந்தார். பிராட்வே பக்கம் ஒரு கல்லூரியில் முதல் வருஷம். மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "தெரியல மிஸ், பேரண்ட் சைன் வாங்கி எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். எதற்கு என்று எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டு நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். இன்னும் கல்லூரியில் கொடுக்கவில்லை. அவள் அப்பா வேண்டாம் என்கிறாராம்.